ஸ்கேலும் சீட்டும் இருந்தால் பாதி விலை

எங்கள் வீட்டில் கண்ணாடி போடாதவர் யாரும் கிடையாது. எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் நாலரை. கணவருக்கு நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து. மகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக் கொடுத்த கண்ணாடி. ஒருவருக்கு மாற்றி முடிப்பதற்குள் அடுத்தவருக்குப் பவர் ஏறிவிடும். என் பவருக்கு மதுரையில் சுமாரான கடையில் போய் உட்கார்ந்தாலே ஃபிரேமும் லென்ஸுமாக ஐயாயிரத்துக்குக் குறையாமல் பில் வரும். அதனால்தான் ஆன்லைன் பக்கம் போனேன். இப்போது என்னுடையதும் கணவருடையதும் அங்கேதான். செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மகளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் இன்றும் கடைதான். ஏன் அப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து அளவெடுக்கிறார், பொருந்தும் ஃபிரேமை எடுத்துத் தருகிறார், காதுக்கு வளைத்துக் கொடுக்கிறார். அந்தக் கூலியும் கடை வாடகையும் சேர்ந்ததுதான் அங்கே விலை. ஆன்லைனில் விலை குறைகிறது என்றால், அந்த வேலையில் பாதியை நம் தலையில் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தால் லாபம். தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் தலைவலிதான் மிச்சம்.

டெஸ்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கண்ணாடியில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், கண் பரிசோதனையில் கூடாது. பவர் பார்ப்பது பரிசோதனையில் ஒரு பகுதிதான். கண் அழுத்தம், விழித்திரை இரண்டையும் டாக்டர் பார்க்க வேண்டும். கண் அழுத்த நோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலியோ மங்கலோ காட்டாது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்பும் அப்படித்தான். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே மாறும். அதனால் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு எடுத்த பவரை வைத்துத்தான் கண்ணாடி போட வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் நல்ல கண் மருத்துவமனைகள் உண்டு. அங்கே வாங்கிய சீட்டோடு ஆன்லைனுக்குப் போங்கள். பழைய கண்ணாடியின் பவரையே திரும்ப ஆர்டர் செய்வதில் அர்த்தமில்லை.

சீட்டை வாசிக்கப் பழகுங்கள்

சீட்டில் வலது கண்ணுக்கு ஒரு வரி, இடது கண்ணுக்கு ஒரு வரி இருக்கும். முதல் எண் எஸ்.பி.ஹெச்., அதாவது அடிப்படைப் பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, பிளஸ் என்றால் தூரப்பார்வை. இரண்டாவது சிலிண்டர் பவர். மூன்றாவது ஆக்ஸிஸ், அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது, 180-ஐத் தாண்டாது. பவர் எப்போதும் கால் கால் அளவாகத்தான் ஏறும். ஆகவே 1.30, 2.60 என்று தட்டிவிட்டீர்கள் என்றால் எங்கோ தப்பு.

இதில் இரண்டு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, சிலிண்டரின் குறி. ஒரு மருத்துவமனைச் சீட்டில் பிளஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 0.50, ஆக்ஸிஸ் 90 என்று இருக்கும். இன்னொரு இடத்தில் அதே கண்ணுக்கு பிளஸ் 0.50, சிலிண்டர் பிளஸ் 0.50, ஆக்ஸிஸ் 180 என்று எழுதுவார்கள். பவர் மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே லென்ஸ்தான், எழுதும் முறைதான் வேறு. ஆனால் ஒரு சீட்டின் எண்ணையும் இன்னொரு சீட்டின் குறியையும் கலந்துவிடக் கூடாது.

இரண்டாவது, வெள்ளெழுத்துக்காரர்களின் 'ஆட்' எண். படிக்க மட்டும் கண்ணாடி வேண்டுமானால், தூரப் பவரோடு ஆட் எண்ணைக் கூட்டித்தான் போட வேண்டும். என் கணவருக்குத் தூரத்துக்கு பிளஸ் 0.50, ஆட் 1.75. அவருடைய படிக்கும் கண்ணாடி 2.25. ஆட் எண்ணை மட்டும் போட்டு ஆர்டர் செய்தவர்கள், 'எழுத்து சரியாத் தெரியல' என்று கம்பெனியைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

சீட்டில் இல்லாத எண்

இரண்டு கருவிழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் பி.டி. எனப்படும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 54-லிருந்து 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நம் ஊர்ச் சீட்டுகளில் பல நேரம் இதை எழுதியிருக்க மாட்டார்கள். டெஸ்ட் முடிந்ததும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் சுலபம்.

வீட்டில் எடுப்பதானால் கூட ஓர் ஆள் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்கேலைப் புருவத்தின் மேல் படுக்க வைத்து, அவர் தலைக்கு மேலே தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்தபடி அசையாமல் உட்காருங்கள். அளப்பவர் முதலில் தன் வலது கண்ணை மூடி, உங்கள் வலது கருவிழி நடுவுக்கு நேராகப் பூஜ்யத்தை வைக்க வேண்டும். பிறகு ஸ்கேலை நகர்த்தாமல், இடது கண்ணை மூடி, உங்கள் இடது கருவிழியில் என்ன எண் வருகிறது என்று வாசிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். செயலிகளில் ஏ.டி.எம். கார்டை நெற்றியில் பிடிக்கச் சொல்வதும் இதற்குத்தான். எந்த வங்கியின் கார்டானாலும் அகலம் 85.6 மில்லிமீட்டர் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

இந்த எண் தவறினால் லென்ஸின் மையம் விலகி, பட்டகத்தின் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். கண் அதைச் சரிக்கட்ட இழுத்துப் பிடிக்கும். சாயங்காலமானால் நெற்றி கனக்கும். பவர் எவ்வளவு அதிகமோ விளைவும் அவ்வளவு அதிகம். பவர் ஒன்றுக்குள் இருப்பவருக்கு இரண்டு மில்லிமீட்டர் விலகினால் பெரிதாகத் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

பணம் மிச்சமாகும் இடம் ஃபிரேம் அளவு

உங்கள் பழைய கண்ணாடியின் காதுத்தண்டை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். 52, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப்பாலம், மூன்றாவது தண்டின் நீளம், மூன்றும் மில்லிமீட்டரில். பொருந்திய கண்ணாடியின் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், ஆன்லைனில் ஃபிரேம் தேர்வு செய்வது பாதி முடிந்த மாதிரி. போனில் முகத்தின் மேல் ஃபிரேமை ஒட்டிக் காட்டும் படத்தை அழகுக்குப் பார்க்கலாம், அளவுக்கு நம்பக் கூடாது.

மைனஸ் பவர் லென்ஸ் நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இருக்கும். தடிமனைக் குறைக்க 1.60, 1.67, 1.74 என்று இன்டெக்ஸ் ஏற்றிக்கொண்டே போவார்கள், விலையும் கூடவே ஏறும். ஆனால் தடிமனைத் தீர்மானிப்பது இன்டெக்ஸ் மட்டுமல்ல. கருவிழியிலிருந்து லென்ஸின் வெளி ஓரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும்தான். அந்தத் தூரம் கூடக் கூட, தடிமன் அதன் வர்க்கத்தில் கூடும்.

என் கணக்கையே சொல்கிறேன். பி.டி. 61, பவர் மைனஸ் 4.50. 54-18 அளவுள்ள பெரிய ஃபிரேமில் சாதாரண 1.56 லென்ஸ் போட்டால், நடுவில் இருப்பதைவிட வெளி ஓரத்தில் ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர் தடிமன் கூடும். அதே ஃபிரேமில் விலை கூடின 1.67 போட்டால் 3.5 மில்லிமீட்டர். ஆனால் 48-18 அளவுள்ள சின்ன ஃபிரேமுக்கு மாறினால், மலிவான 1.56-லேயே 2.8 மில்லிமீட்டர்தான். காசு கொடுத்து வாங்கும் மெல்லிசைவிட, காசில்லாமல் கிடைக்கும் மெல்லிசு அதிகம். பெரிய ஃபிரேம்தான் இப்போது பேஷன் என்பார்கள். பவர் அதிகம் உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். அளவைப் பொறுத்து ஃபிரேம்களை வடிகட்டிப் பார்க்கும் வசதி ஆன்லைனில் இருப்பதால், கடையில் கிடைக்காத சின்ன அளவுகளும் கண்ணில் படும்.

கடைசிப் பக்கத்தில் கவனம்

ஃபிரேம் ஆயிரத்துக்குள் என்று காட்டுவார்கள். லென்ஸ் பக்கத்துக்குப் போனதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பில் மூவாயிரத்தில் நிற்கும். எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு உபயோகமானது, இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ரொம்பவே. கீறல் தாங்கும் பூச்சு பெரும்பாலும் லென்ஸோடு சேர்ந்தே வரும். தனியாக விலை போட்டால் கேளுங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' லென்ஸ் விஷயம் வேறு. திரை பார்த்துக் கண் களைப்பதை இந்த லென்ஸ் தடுக்கிறதா என்று 17 சோதனைகளை அலசி, கோக்ரேன் அமைப்பு 2023-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. குறுகிய காலத்தில் சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், நானூறு ரூபாய் கேட்டால் வேண்டாம் என்கிறேன். திரையை விட்டு அவ்வப்போது கண்ணைத் திருப்பி, நன்றாக இமைப்பது இதைவிடப் பலன் தருகிறது.

வரியும் இப்போது சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். கடையோ ஆன்லைனோ, பில்லில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குக் கடைதான்

மகளுக்கு ஏன் ஆன்லைனில் வாங்குவதில்லை? பிள்ளைகளின் மூக்குப்பாலம் சின்னது. கண்ணாடி வழுக்கி இறங்கினால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஆளை உட்கார வைத்துப் பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும். லென்ஸும் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாகக் கேட்டு வாங்குகிறேன். பிள்ளைகளுக்குச் செலவு செய்ய முடியாத குடும்பங்கள், அரசுப் பள்ளி கண் பரிசோதனையில் இலவசக் கண்ணாடி கிடைப்பதைத் தவறவிடக் கூடாது.

அப்பா போடுவது புரோகிரசிவ். தூரம், நடுத்தூரம், படிப்பு மூன்றும் ஒரே லென்ஸில் மேலிருந்து கீழாக இருக்கும். அவர் தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் மாட்டி, கருவிழி எந்த உயரத்தில் வருகிறது என்று பேனாவால் புள்ளி வைத்துத்தான் அது செய்யப்பட வேண்டும். கொஞ்சம் ஏறியோ இறங்கியோ போனால் படியிறங்கும்போது கால் தடுமாறும். அதேபோல ஆறுக்கு மேல் பவர் உள்ளவர்கள், இரண்டு கண்ணுக்கும் பவரில் பெரிய வித்தியாசம் உள்ளவர்கள், சீட்டில் பிரிசம் எழுதியிருப்பவர்கள் எல்லாரும் நேரில் அளவெடுக்கும் இடத்துக்கே போகலாம்.

பார்சல் வந்ததும்

திரும்ப அனுப்ப எத்தனை நாள் அவகாசம், பவர் லென்ஸுக்கும் அது பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியைக் கை நீளத்தில் பிடித்து, அதன் வழியாகத் தரையின் டைல்ஸ் கோட்டைப் பாருங்கள். இடமும் வலமுமாக நகர்த்தும்போது, லென்ஸுக்குள் தெரியும் கோடு வெளியே தெரியும் கோட்டோடு உடையாமல் ஒட்டி நிற்கும் இடம் லென்ஸின் மையம். இரண்டு லென்ஸிலும் அங்கே மார்க்கர் பேனாவால் சின்னப் புள்ளி வைத்து அளந்தால், நீங்கள் கொடுத்த பி.டி.க்குப் பக்கத்தில் வர வேண்டும். மைனஸ் லென்ஸில் பொருள்கள் சிறிதாகத் தெரியும். நகர்த்தினால் அவையும் அதே பக்கம் நகரும். பிளஸ் லென்ஸில் பெரிதாகத் தெரிந்து எதிர்ப்பக்கம் நகரும். குறி மாறி வந்திருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

மற்றதைக் கருவியில் பார்க்க வேண்டும். எங்கள் தெருமுனை ஆப்டிகல்ஸ் அண்ணனிடம் கொண்டுபோவேன்.

"ஆன்லைன்ல வாங்குனதாம்மா?"

"ஆமாண்ணே. பவர் மட்டும் செக் பண்ணிக் குடுங்க, என்ன ஆகுமோ வாங்கிக்கங்க."

லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்து, "பவரு, ஆக்ஸிஸ் ரெண்டும் சரியா இருக்கு. தண்டுதான் உங்க காதுக்கு நேராப் போகுது" என்றவர், சூட்டுக் காற்றில் காட்டி இரண்டு பக்கமும் வளைத்துக் கொடுத்தார். வழக்கமான வாடிக்கையாளரானால் அவர் காசு கேட்க மாட்டார். வேறிடத்தில் வாங்கிவிட்டு அவரிடம் இலவச வேலை வாங்குவது நியாயமில்லை. நான் கையில் கொடுத்துவிடுவேன். அதையும் சேர்த்தால்கூட எனக்கு லாபம்தான்.

மிச்சமான பணத்தில் முதல் வேலையாக இன்னொரு கண்ணாடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் பவருக்குக் கண்ணாடி உடைந்தால் அன்று வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாது. பிறகு சீட்டு, பி.டி., ஃபிரேம் எண்கள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் போனில் படமெடுத்து வையுங்கள். ஆன்லைன் பிடிக்காமல் கடைக்கே போனாலும் அந்தத் தாள் உதவும். "உங்க பவருக்கு 1.67 லென்ஸ்தான் மேடம் போட முடியும்" என்று யாராவது சொன்னால், "48 சைஸ்ல ஃபிரேம் எடுங்க, 1.56 போதும்" என்று பதில் சொல்லலாம்.