ஆர்.பி.எம். மீட்டர் பொய் சொன்னா ட்யூப் லைட்டைக் கேளு

தம்பி, உன் பத்மினியில ஆர்.பி.எம். மீட்டர் ஐடிலிங்ல 450 காட்டுதுன்னு புது மீட்டர் வாங்கக் கிளம்பிட்டியாம். கொஞ்சம் பொறு. நிஜமாவே 450-ல சுத்தினா அந்த என்ஜின் உதறி உதறி நின்னுடும். உன்னுது அமைதியா ஓடுதே!

அம்பாசடரோ பத்மினியோ, நம்ம பக்கத்துப் பழைய வண்டிகள்ல இந்த மீட்டர் பெரும்பாலும் கம்பெனியில வந்தது கிடையாது. யாரோ ஆசைப்பட்டுப் பின்னால மாட்டினது. அதனால முதல்ல அதோட முதுகைத் திருப்பிப் பாரு. 4, 6, 8னு சிலிண்டர் கணக்குக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நாலு சிலிண்டர் என்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க், எட்டு சிலிண்டர்ல நாலு. ஸ்விட்ச் 8-ல கிடந்தா, 900-ல ஓடுற என்ஜினுக்கு 450 காட்டும். 6-ல கிடந்தா 600. உன் கதை இதுதான்னு நினைக்கிறேன்.

ஸ்விட்ச் சரியா இருந்தும் தப்பா காட்டினா, எப்படித் தப்புதுன்னு கவனி. ஹெட்லைட் போட்டதும் முள் நகருதா? எர்த் சரியில்ல. கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பெய்யற மழை முடிஞ்சதும் டேஷ்போர்டுக்கு அடியில கையை விட்டுப் பாரு, டெர்மினல் எல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, பெயின்ட் இல்லாத இரும்புல இறுக்கு. முள் துள்ளித் துள்ளி ஆடினா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திற. பாயிண்ட் குழி விழுந்திருக்கும், இல்லேன்னா கண்டென்சர் போயிருக்கும். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வெச்சுத்தான் பார்க்கணும். அம்பாசடர் பெட்ரோல் என்ஜினுக்கு சுமார் 0.4 மில்லிமீட்டர். கண்ணால அளக்கிற மெக்கானிக்கை நான் நம்பமாட்டேன்.

பழைய ஸ்மித்ஸ் ஆர்.வி.ஐ. மீட்டர்னா அது காயிலுக்குப் போற கரண்ட்டை வெச்சு எண்ணும். பாயிண்ட்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தா குழம்பிப் போகலாம். டீசல் அம்பாசடர்ல காயிலே கிடையாது. ஆல்டர்னேட்டர்ல டபிள்யூன்னு போட்ட முனையில இருந்துதான் சிக்னல். பெல்ட் வழுக்கினா குறைச்சுக் காட்டும்.

சரி, மீட்டர் காட்டுறது உண்மையான்னு எதை வெச்சு ஒத்துப் பார்ப்ப? ஓடோமீட்டர்னா திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரைச் சுத்தியே பார்த்துடலாம். இதுக்கு நம்ம வீட்டுத் தாழ்வாரத்து ட்யூப் லைட் போதும். ஆனா ஸ்டார்ட்டர் மினுக்கி எரியுமே, அந்தப் பழைய செம்புச் சோக் லைட்டா இருக்கணும். எலக்ட்ரானிக் சோக் ஆகாது. நமக்கு வர்ற கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். அதுதான் நமக்கு அளவுகோல்.

ராத்திரி, மத்த லைட்டை எல்லாம் அணைச்சிடு. என்ஜின் நிக்கும்போதே கிராங்க் புல்லி முகத்துல சாக்பீஸால நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே ஒரு கோடு போடு. ஃபேன் புல்லியில போடாதே, அது வேற வேகத்துல சுத்தும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை ஒரு ஆள் மெதுவா மிதிக்கட்டும். ஒரு கட்டத்துல நீ போட்ட ஒத்தைக் கோடு ஆறு கோடாப் பிரிஞ்சு அசையாம நிக்கும். அப்போ என்ஜின் சரியா 1000. இன்னும் கொஞ்சம் மிதிச்சா அஞ்சு கோடு, 1200. கூட்டல் குறி மாதிரி நாலு நின்னா 1500. மூணுன்னா 2000. 6000-ஐக் கோட்டு எண்ணிக்கையால வகுத்துக்கோ, அவ்வளவுதான். கோடுகள் சுத்துற திசையிலயே நகர்ந்தா வேகம் ஒரு துளி அதிகம், எதிர்த் திசையில நகர்ந்தா குறைவு. ஒவ்வொரு இடத்துலயும் மீட்டர் என்ன காட்டுதுன்னு எழுதி வை. கரண்ட் போய் ஜெனரேட்டர்லயோ இன்வெர்ட்டர்லயோ எரியும்போது இதைச் செய்யாதே. அதுல 50 ஹெர்ட்ஸ் துல்லியமா இருக்கும்னு சொல்ல முடியாது.

இங்கே ஒரு ஆபத்து இருக்கு. அந்த வெளிச்சத்துல ஃபேன் றெக்கையும் நின்ன மாதிரி தெரியலாம். நம்பிக் கையை விட்டா விரல் போயிடும். கழுத்துச் செயின், தோள்ல துண்டு எதுவும் வேண்டாம். உன் பொண்டாட்டி எட்டிப் பார்க்க வந்தா துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. கதவடைச்ச ஷெட்டுல மட்டும் வேண்டவே வேண்டாம், புகையே ஆளைச் சாய்ச்சிடும்.

எழுதின கணக்கைப் பாரு. 2000-ல நூறு முன்னே பின்னே இருந்தா விட்டுடு. கிரிவலப் பாதையில நடக்கிறவங்க பின்னால ரெண்டாவது கியர்ல ஊர்ற வண்டிக்கு அந்தத் துல்லியமே அதிகம். அதுக்கு மேல தப்பினா மீட்டர் முதுகுல, இல்ல உள்ளே போர்டுல, ஒரு குட்டித் திருகு இருக்கும். மூணு கோடு நிக்கிற நேரத்துல முள் 2000-ல வந்து உக்கார்ற வரைக்கும் அதை மயிரிழை மயிரிழையா திருப்பு. திருகியும் நிக்காம, வண்டி சூடாக ஆக முள் தானா நகர்ந்தா உள்ளே கெப்பாசிட்டர் வயசாகிப்போச்சு. பழைய ரேடியோ, டி.வி. ரிப்பேர் பண்றவரே மாத்திடுவார்.

சரி பண்ணின திருகு வண்டி அதிர்வுல மறுபடி நகராம இருக்க, அது மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வெச்சுடு. என் புது பாட்டிலைத் தொடாதே, பழசு ஒண்ணு அலமாரியில இருக்கு.