கிழமைக் கடன், மாதச் சம்பளம்

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை. நடுவில் ஒரு அட்வான்ஸ். ஆனால் நுண்கடன் கம்பெனியின் குழு லோன்காரர் கிழமைக்கு ஒரு தடவை வருவார். கடன் திட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டி வீதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பசறைப் பக்கத்து லயங்களில் ஆட்கள் முழுகுவதற்கு வட்டி பாதிக் காரணம் என்றால், இந்த நாள் பொருத்தமின்மை மீதிப் பாதி. சம்பளம் பத்தாம் தேதி என்றால், இருபதாம் தேதி வியாழக்கிழமைக்கு ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்? பக்கத்துக் காம்பராவில் கைமாற்று, அல்லது இன்னொரு லோன். இரண்டாவது லோன் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

எங்கள் வீட்டில் கடன் ஏறியது 2022இல். அப்பா படுத்த படுக்கையானார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு ஒரு பக்கம், மா, அரிசி, சீனி விலை இன்னொரு பக்கம். அந்த வருடம் செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. அம்மாவின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த அதே 1,000 ரூபாய். அது 1,350 ஆக 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்பா போன பிறகு கணக்கு என் கைக்கு வந்தது. நான் பதுளை டவுனில் ஒரு கடையில் பில் போடுகிறவள். தம்பி கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில் நிற்கிறான். முதல் வேலையாக ஒரு கொப்பி வாங்கினேன். அம்மா தடுத்தார். "அதெல்லாம் எழுதாத புள்ள. யாரு கண்ணுலயாவது பட்டா மானம் போயிரும்." கொப்பியை அரிசி வாளிக்கு அடியில் வைப்பதாக ஒத்துக்கொண்ட பிறகே ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குத் தெரிந்தது மூன்று கடன். எழுதி முடித்தபோது ஐந்து.

வியாழக்கிழமை லோன் 40,000: கிழமைக்கு 1,000, 52 கிழமை. செவ்வாய்க்கிழமை லோன் வேறொரு கம்பெனியில் 60,000: கிழமைக்கு 1,500. வட்டிக்காரரிடம் 30,000, பத்து வட்டிக்கு, அதாவது மாதம் 3,000 வட்டி மட்டும். வங்கியில் அம்மாவின் சங்கிலியும் தோடும் 80,000க்கு அடகு. கடைப் பற்று ஏறத்தாழ 20,000.

எழுதும்போது தொகையை மட்டும் எழுதினால் போதாது. யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு, கட்டத் தவறினால் என்ன நடக்கும் என்ற நான்கையும் எழுத வேண்டும். நான்காவதுதான் மற்ற மூன்றையும்விட முக்கியம். வங்கியில் தவறினால் கடிதம் வரும், பிறகு ஏலம். கடையில் தவறினால் முதலாளி முகம் சுருங்கும். குழு லோனில் தவறினால் அந்தக் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் தங்கள் பையிலிருந்து போட வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பக்கத்தில் நிற்பவர், ஒரே மலையில் கொழுந்தெடுப்பவர், சாவு வீட்டுக்கு முதலில் ஓடிவருபவர் எல்லாம் அவர்கள்தான். கம்பெனிக்குப் பிணையாக நிற்பது சொத்தல்ல, இந்த உறவு.

அடுத்து சம்பளத் துண்டு. பலர் அதன் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். நான் பன்னிரண்டு மாதத் துண்டுகளையும் தேடியெடுத்து வரிசையாக அடுக்கினேன். எங்கள் ஊவா மாகாணத்தில் இது அவசியம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பேர். அந்த வாசனைக்காக ஏலத்தில் நல்ல விலை கொடுக்கிறார்கள். அதே வறட்சியில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும், கிலோ எட்டாமல் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, விழும். உலகம் எங்கள் தேயிலையைப் புகழும் மாதத்தில் எங்கள் அடுப்பு மந்தமாக எரியும்.

1,000 ரூபாய்ச் சம்பளத்தில் 20 பேர் விழுந்த மாதம் 20,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போக 18,400. 12 பேர் மட்டும் விழுந்த மாதம் 12,000. கழிவு போக 11,040. சந்தா, அட்வான்ஸ், கோயில் காசு இன்னும் கழியவில்லை. இரண்டு கிழமை லோனுக்கும் சேர்த்து நான்கு கிழமைக்கு 10,000. சில மாதங்களில் செவ்வாயும் வியாழனும் ஐந்து தடவை வரும், அப்போது 12,500. அதாவது வறட்சி மாதத்தில் சம்பளம் முழுவதும் லோனுக்கே போதாது. இந்த ஒரு கூட்டலை லோன் கொடுக்கும்போது யாரும் போடுவதில்லை. கொடுப்பவருக்கும் அது தேவையில்லை. தவணை எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்ய ஏப்ரல், மே மாதத்துத் துண்டை எடுக்காதீர்கள். ஆகஸ்ட் துண்டை எடுங்கள்.

வட்டிக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 40,000 வாங்கி 52,000 கட்டினால் வட்டி 12,000. 30 சதவீதம் என்று சொல்லித்தான் தருவார்கள். ஆனால் 40,000 ரூபாய் வருடம் முழுக்க நம் கையில் இருப்பதில்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறோம். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. குறைந்துகொண்டே வரும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 54 சதவீதத்துக்கு வருகிறது. இது எங்களுக்குக் கிடைத்த மலிவான குழு லோன். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் பற்றிய நிபுணர் உவான் பாப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். இத்தனைக்கும் நுண்நிதிச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது.

இனி எதை முதலில் அடைப்பது? புத்தகக் கணக்குப்படி, வட்டி கூடியதை முதலில் தீர்க்க வேண்டும். பத்து வட்டி என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். ஆகவே வட்டிக்காரர் முதலில். கடைசியில் நாங்கள் அப்படிச் செய்யவில்லை, இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். வட்டிக்காரர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், சம்பளத்துக்கு மறுநாள். வியாழக்கிழமை காத்திருக்காது. வியாழக்கிழமைக்காகவே புதுக் கைமாற்றுகள் முளைத்தன. ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதில் பயனில்லை என்று, முதலில் கிழமைக் கடன்களை முடிப்பது, பிறகு வட்டி கூடியதை முடிப்பது என்று எழுதிக்கொண்டோம்.

வியாழக்கிழமை லோன் முடிய இன்னும் சில கிழமைதான் இருந்தது. தம்பி அனுப்பியதையும் தீபாவளி அட்வான்சில் பாதியையும் சேர்த்து அதை மூடினோம். தோட்டத்தில் கிடைக்கும் கடன்களிலேயே தீபாவளி அட்வான்ஸ்தான் நல்லது: வட்டியில்லை, சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழியும். அந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு மட்டும் ஒரு சேலை எடுத்தோம்.

முன்கூட்டியே மூடப் போகிறவர்கள் "இன்றைக்கு மூடினால் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். சில இடங்களில் மிச்ச வட்டியில் ஒரு பகுதியை விடுவார்கள். சில இடங்களில் ஒரு சதம் விடமாட்டார்கள். விடாவிட்டால் அவசரப்பட்டு மூடுவதில் காசு இலாபமில்லை, நாள் இலாபம் மட்டும்தான். கட்டி முடித்ததற்குக் கடிதம் கட்டாயம் வாங்குங்கள். கடன் தகவல் பணியகத்தில், 'கிரிப்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே உங்கள் பேரில் அந்தக் கடன் மூடப்பட்டதா என்றும் பாருங்கள். மூடப்படாமல் கிடந்தால், நாளைக்கு வீடு கட்ட வங்கிக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

மூடுகிற கிழமையில் ஒரு பொறி வரும். "நல்லா கட்டியிருக்கீங்க அக்கா, இப்ப ஒரு லட்சம் எடுக்கலாம்." பழைய மிச்சத்தைக் கழித்துக்கொண்டு புதுக் கடன். எங்கள் பாட்டன்மார் காலத்தில் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் தோட்டம் மாற முடியாது. இவ்வளவு கடனைக் கொடுத்தால் ஆளை விடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் துண்டுக்குப் புதுத் தோட்டம் காசு கொடுக்கும். ஆள் அங்கே போவான், கடனும் கூடவே போகும். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுப்பவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவு வரும்.

செவ்வாய்க்கிழமை லோனுக்குப் பேசித்தான் வழி பிறந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பேச்சுவார்த்தைக்கு லசார்ட், கிளிஃபர்ட் சான்ஸ் என்று பெரிய ஆலோசகர்களை வைத்தார்கள். நமக்கு ஆலோசகர் நாம்தான். ஆனால் பேச்சு ஒரே மாதிரிதான்: அழுவதில் பயனில்லை, கணக்கைக் காட்ட வேண்டும். தவணை தவறிய பிறகு போகாமல் ஜூன் மாதமே போனோம். முந்தைய வருடத்தின் ஆகஸ்ட், செப்டெம்பர் சம்பளத் துண்டுகளைக் கொண்டுபோனோம். "மாத்தையா, இந்த ரெண்டு மாசமும் பாதிதான் கட்ட ஏலும். மிச்சத்தக் கடைசியில நீட்டித் தாங்க" என்று அம்மா கேட்டார். முதலில் இல்லை என்றார்கள். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நீட்டித் தந்தார்கள். ஒத்துக்கொண்டதை உடனே எழுதி வாங்குங்கள்; அடுத்த மாதம் வேறு ஆள் வருவார், அவருக்கு ஒன்றும் தெரியாது. பத்திரம் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால், வாசித்துச் சொல்லத் தெரிந்தவர் வரும்வரை கையெழுத்து வேண்டாம். அனுமதி பெற்ற நிறுவனம் என்றால், முறைகேடுகளை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

வட்டிக்காரர் எங்களை ஒருநாளும் அதட்டவில்லை. "முதல அப்பிடியே வச்சிக்கம்மா, வட்டிய மட்டும் தா" என்பார். அந்த அன்புதான் ஆபத்து. பத்து மாதத்தில் முதலுக்குச் சமமான வட்டி போய்விடும், முதல் அப்படியே இருக்கும். இதற்கு வழி நகையில் இருந்தது, அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. வங்கி அடகைத் தவணைக்குத் தவணை வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். இதற்கிடையில் பவுன் விலை ஏறிக்கொண்டே போனது. சங்கிலியை மீட்டு விற்றால் அடகும் தீரும், வட்டிக்காரரும் தீருவார் என்று கணக்குக் காட்டினேன். அது அப்பா செய்துபோட்ட சங்கிலி. அம்மா நெடுநாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே, "காதுத் தோட்ட மட்டும் விட்டுரு" என்றார்.

மீட்பதற்கான காசைத் தம்பி தன் முதலாளியிடம் முற்பணமாக வாங்கி வந்தான். அடகு நகையைத் தாங்களே மீட்டு வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. கைக்காசு இல்லாதவர்களுக்கு வசதிதான், ஆனால் அந்த வசதிக்கு விலையில் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் மூன்று கடையில் நிறுத்துப் பார்த்தோம். மூன்றிலும் மூன்று விலை சொன்னார்கள். அன்றைக்கே வட்டிக்காரரிடம் போய் முதலைக் கொடுத்து, அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வெற்றுத் தாளை வாங்கிக் கிழித்தோம். அந்தத் தாள் கைக்கு வராமல் கடன் தீர்ந்ததாக நினைக்காதீர்கள்.

கடைப் பற்றுக்கு வட்டியில்லை என்பதால் கடைசியில் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆகஸ்டில் அரிசி தருவது வங்கியல்ல, அந்த முதலாளி. ஆகவே ஐந்நூறோ ஆயிரமோ, ஒவ்வொரு சம்பளத்திலும் அவருக்கு ஒரு பங்கு போனது. அவர் பற்றுக் கொப்பியும் என் கொப்பியும் மாதக் கடைசியில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

சேமலாப நிதியை எடுத்து அடைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேலையில் இருக்கும்போது 30 சதவீதம் வரை எடுக்கலாம் என்பது உண்மை; ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் மட்டும்தான். அந்தக் காசில் கை வைக்காமலிருப்பதே நல்லது என்பேன். கொழுந்துக் கூடை தூக்கிய முதுகுக்கு முதுமையில் வேறு என்ன இருக்கிறது?

இப்போது மிச்சம் இருப்பது தம்பி முதலாளியிடம் வாங்கியதில் கொஞ்சம். அவன் சம்பளத்தில் கழிகிறது. அவன் போன மாதம் வந்தபோது, ஊருக்கே வந்துவிடுகிறேன், லீசிங்கில் த்ரீவீல் ஒன்று எடுக்கலாம் என்றான். பசறைக்கும் பதுளைக்கும் ஓடினால் தவணை வந்துவிடுமாம். அம்மாவுக்குப் பிள்ளை வீட்டுக்கு வருவதில் சந்தோஷம். நான் கொப்பியில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். ஹயர் இல்லாத ஆகஸ்டில் தவணை எங்கிருந்து வரும், டயரும் இன்சூரன்சும் எந்த மாதம் விழும் என்று எழுதிக் காட்டு, பிறகு பேசலாம் என்றேன். முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.