கணினிப் பாடம்: ஒரே செயலி, பல கைப்பேசி



நம் தேவார வகுப்புக்கு வருகைப் பதிவுச் செயலி ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். ஈப்போவில் இருக்கும் ஆசிரியரிடம் ஐபோன். சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்தில் இருக்கும் பாட்டியிடம் மலிவான ஆண்ட்ராய்டு. ஃப்ளட்டரில் நிரலை ஒரே தடவை எழுதினால் இரண்டிலும் ஓடும். ஆனால் பிழை இரண்டிலும் ஒரே மாதிரி வராது. அதனால், எழுத உட்காருவதற்கு முன்பே பிழை தேடும் கருவிகளை அமைத்துவிடுவோம்.

1. மடிக்கணினி
ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விஎஸ் கோட் மூன்றையும் நிறுவுங்கள். மூன்றும் இலவசம். பிறகு முனையத்தில் 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளையைக் கொடுங்கள். எது சரி, எது குறை என்று அதுவே பட்டியல் போடும். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என்ன செய்யணும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

2. கைப்பேசி
ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தட்டுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'யுஎஸ்பி டிபக்கிங்' என்பதை இயக்கி, கம்பியால் மடிக்கணினியோடு இணையுங்கள். 'அனுமதிக்கவா?' என்று கைப்பேசி கேட்டால் சரி கொடுங்கள். ஒண்ணுமே தெரியவில்லையா? கம்பியை மாற்றிப் பாருங்கள். சில கம்பிகள் மின்னேற்ற மட்டும்தான் உதவும்.

ஐபோனுக்கு எக்ஸ்கோட் வேண்டும். அது மேக் கணினியில்தான் ஓடும். மேக் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டில் தொடங்குங்கள். மேக் வைத்திருக்கும் நண்பரிடம் வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலும் போதும்.

3. நிறுத்திப் பார்த்தல்
விஎஸ் கோட்டில் வரி எண்ணுக்கு இடப்பக்கம் சொடுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். எஃப்5 அழுத்தி ஓட்டுங்கள். அந்த வரிக்கு வந்ததும் செயலி நின்றுவிடும். ஒவ்வொரு மாறியிலும் அப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஊகிப்பதை விட்டுப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

இன்னொன்று: டிபக் முறையில் செயலி மெதுவாகத்தான் ஓடும். வேகத்தை அளக்க 'ப்ரொஃபைல்' முறையில், உண்மையான கைப்பேசியில் ஓட்டுங்கள்.

4. பயிற்சி
மாணவர் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டுங்கள். 'கௌரி' என்று கொடுத்து, பெயரின் முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுத்தால் 'க' என்று வரும். அந்த வரியில் நிறுத்திப் பெயரின் நீளத்தைப் பாருங்கள்: 4. நாம் படிப்பதோ 2 எழுத்து. யூனிகோடில் 'க' ஒரு குறியீடு, ஔகாரக் குறி இன்னொரு குறியீடு. அதனால் இந்த வித்தியாசம். டார்ட் மொழியின் 'கேரக்டர்ஸ்' தொகுப்பைப் பயன்படுத்தினால் 'கௌ' முழுசாக வரும்.

ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. நம் பிள்ளைகளின் பெயர் பாதியில் வெட்டுப்படாமல் இருக்க நாம்தான் சோதிக்கணும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவருடைய செல்லினம் இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் எழுத உதவுகிறது. வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

இந்த வாரம் 'ஃப்ளட்டர் டாக்டர்' எல்லாவற்றுக்கும் பச்சை காட்டும்வரை அமையுங்கள். பிறகு உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியில், உங்கள் பெயரைத் தமிழில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.