கடற்கரை ஊரில் எந்த மேசையில் அமர்வது?

பள்ளிக்கூட விடுமுறை விட்டுவிட்டால் வெளியூர்ப் பயணம் என்பது இப்போது பல முஸ்லிம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அல்லாஹ் படைத்த கடலையும் மலையையும் கண்டு மகிழ்வதை மார்க்கம் தடுக்கவில்லை. பெட்டி கட்டும்போது நம் தாய்மார்கள் மறவாமல் முஸல்லாவை எடுத்து வைக்கிறார்கள். போகும் ஊரில் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டுக் கொள்கிறார்கள். ஆனால் மூன்று நாள் பயணத்தில் ஒன்பது வேளை எந்த மேசையில் அமரப் போகிறோம் என்பதை வீட்டிலிருக்கும்போதே யோசிப்பவர்கள் எத்தனை பேர்? பசி வந்தபின் யோசித்தால் வயிற்றின் குரல்தான் ஓங்கி நிற்கும். இது பிறருக்குச் சொல்லும் உபதேசமல்ல. நாமே இடறி விழுந்து கற்ற பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு புதுச்சேரி சென்றிருந்தோம். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது. அவர்கள் போன பின்னும் அவர்களுடைய சமையல் அங்கே தங்கிவிட்டது. மதுவுக்கும் அங்கே கட்டுப்பாடு குறைவு. குடும்பங்கள் வந்து சாப்பிடும் ஓட்டலிலேயே மதுவும் பரிமாறுவது அங்கே சாதாரணம்.

மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்தோம். பிள்ளைகளுக்கு நல்ல பசி. கடல் தெரியும்படி மாடியில் ஓர் ஓட்டல். "வாங்க பாய், குடும்பத்தோட மேலே உட்காரலாம்" என்று சர்வர் அன்பாக அழைத்தார். உட்கார்ந்தோம், தண்ணீர் ஊற்றினார். உணவுப் பட்டியலைத் திறந்தால் முதல் இரண்டு பக்கங்களும் மது வகைகள்! அதற்குள் பக்கத்து மேசையில் புட்டி திறந்துவிட்டார்கள். எழுந்து போக வெட்கம். ஊற்றிய தண்ணீரைக் குடித்தாயிற்று, சர்வர் என்ன நினைப்பார் என்ற கூச்சம். "நாம் மீன்தானே சாப்பிடப் போகிறோம்" என்று நமக்கு நாமே பத்வா கொடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டோம்.

ஏழு வயது இளைய மகள் மெல்லக் கேட்டாள்: "வாப்பா, இப்படிப்பட்ட இடத்திலே உட்காரக் கூடாதுன்னு மதரஸாவிலே உஸ்தாது சொன்னாங்களே. நாம மட்டும் உட்காரலாமா?"

மீன் வந்தது. ஆனால் தொண்டையில் இறங்கவில்லை. ஓதிக் கொடுக்க உஸ்தாதிடம் அனுப்புகிறோம். ஓதியதை அழிக்க ஒரு வேளைச் சாப்பாடு போதுமானதாகிவிட்டதே என்ற கவலை அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

அமருமுன் கேட்பது

மது சுற்றிவரும் உணவு விரிப்பில் முஃமினானவர் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. "புட்டி இருப்பது பக்கத்து மேசையில்தானே, நம் மேசையில் இல்லையே?" என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். வேறு வழியே இல்லாத பயணிக்கு அந்த வேறுபாடு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் நூறடி நடந்தால் மது இல்லாத நாலு ஓட்டல்கள் இருக்கும் ஊரில், கடல் தெரிகிறது என்பதற்காக அங்கே அமர்வது நிர்ப்பந்தம் ஆகாது. பார்த்துப் பழகும் பிள்ளைகளின் கண்ணில் அந்தப் புட்டி தண்ணீர்ச் செம்பைப் போல் ஆகிவிடும். பெரிய நஷ்டம் அதுதான்.

ஆகவே முதல் கேள்வியை வாசலில் நின்றே கேட்டுவிட வேண்டும்: "இங்கே மது பரிமாறுவீர்களா?" உட்கார்ந்தபின் எழுவது கஷ்டம், நின்றபடி திரும்புவது சுலபம். இப்போது கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. அறையிலிருந்து புறப்படுமுன்பே கேட்டுக் கொள்ளலாம்.

இறைச்சியைப் பற்றி

தானாகச் செத்தது, ஓடும் இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவருக்காக அறுக்கப்பட்டது ஆகியவை ஹராம் என்று 5-வது அத்தியாயமான ஸூரத்துல் மாயிதாவின் 3-வது வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். ஆடும் கோழியும் ஹலாலான பிராணிகள்தாம். ஆனால் அறுக்கும் முறையால்தான் அவை நமக்கு ஆகுமாகின்றன.

"ஹலால்" என்று எழுதிய பலகையைக் கண்டதும் கேள்வியை நிறுத்திவிட வேண்டாம். "இறைச்சி எந்தக் கடையிலிருந்து வருகிறது? அறுப்பவர் யார்?" என்று பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்க வேண்டும். ஓட்டல் முஸ்லிமுடையதாக இராவிட்டாலும், "பாய் கடையிலிருந்துதான் வாங்குகிறோம்" என்று சொல்லும் முதலாளிகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. அந்தச் சொல்லை ஏற்கலாமா? ஹனபி மத்ஹபின் பிரபல நூலான ஹிதாயாவில் இதற்கு வழி இருக்கிறது. முஸ்லிமல்லாத பணியாள் இறைச்சி வாங்கி வந்து, முஸ்லிமிடம் வாங்கியதாகச் சொன்னால் அவர் சொல்லை ஏற்று உண்ணலாம் என்று அது கூறுகிறது. ஷாபிஈ மத்ஹபினர் தம் ஊர் ஆலிமிடம் புறப்படுமுன் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம். பதில் தெளிவில்லாமல் "எல்லாம் நல்ல கறிதான்" என்று மழுப்பினால், அன்றைக்குக் கறி வேண்டாம். மீனும் முட்டையும் காய்கறியும் இருக்கின்றன.

கடல் உணவு

கடற்கரை ஊரில் அல்லாஹ் நமக்குத் தந்த பெரிய வசதி மீன். மீனை அறுக்க வேண்டியதில்லை. யார் பிடித்தாலும் அது ஹலால். கடலில் வேட்டையாடியதும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டதை ஸூரத்துல் மாயிதாவின் 96-வது வசனம் அறிவிக்கிறது.

அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் நாயகம் (ஸல்) அவர்கள் கடற்கரைப் பக்கம் அனுப்பிய 300 பேர் கொண்ட படையின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உணவு தீர்ந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு பேரீச்சம்பழம் என்றாகி, இலைகளைக் கூடத் தின்ற நிலையில், கரையொதுங்கிய மலைபோன்ற ஒரு பெரிய மீனைக் கண்டார்கள். அது செத்ததாயிற்றே என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் முதலில் தயங்கினார்கள். பின்பு நிர்ப்பந்தத்தை எண்ணி உண்ண அனுமதித்தார்கள். மதீனா திரும்பி நாயகத்திடம் சொன்னபோது, அது அல்லாஹ் அளித்த உணவு என்று சொல்லி, மீதியிருந்ததைக் கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள். அந்தத் தோழர்களின் உள்ளத்தில் இருந்த ஐயம் அந்த ஒரு கவளத்தோடு தீர்ந்தது. இதையும் அறிவிப்பவர் அதே ஜாபிர் (ரலி) அவர்கள்தாம். அந்தப் படையில் அவர்களும் இருந்தார்கள்.

மீனைத் தாண்டி மற்றவற்றில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனபி மத்ஹபில் கடல் பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும். கணவாய், நண்டு, மட்டி ஆகா. இறால் மீன் இனமா அல்லவா என்பதில் அந்த மத்ஹபின் உலமாக்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஷாபிஈ மத்ஹபில் கடலில் மட்டும் வாழ்பவை பொதுவாக ஆகும். ஆகவே இறாலும் கணவாயும் உண்ணலாம். ஆனால் நண்டு அப்படியல்ல. நிலத்திலும் நீரிலும் வாழ்பவற்றில் ஒன்றாக அதை எண்ணி, உண்ணக்கூடாதவற்றில் சேர்த்திருக்கிறார்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில். "நாங்கள் ஷாபிஈ, கடலில் உள்ளதெல்லாம் ஆகும்" என்று நண்டு வறுவலுக்குக் கை நீட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மில் பல வீடுகளில் மாப்பிள்ளை ஒரு மத்ஹபு, பெண் ஒரு மத்ஹபு. ஒரே மேசையில் ஒருவர் கணவாய் உண்ண, மற்றவர் தவிர்க்கலாம். தவிர்ப்பவரைக் கேலி செய்வதும், உண்பவரை ஹராம் தின்பவராகப் பார்ப்பதும் கூடாது.

சட்டியும் எண்ணெயும் சாறும்

மீன் ஹலால்தான், ஆனால் அது எந்த எண்ணெயில் பொரிந்தது? ஹலாலாக அறுக்கப்படாத கோழியைப் பொரித்த எண்ணெயிலேயே, பன்றி இறைச்சி வாட்டிய கல்லிலேயே மீனையும் போட்டால் ஹலாலான மீனும் கெட்டுவிடும். "மீனுக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய் உண்டா?" என்று கேட்பது அவசியம். மணலில் தள்ளுவண்டியில் மீன் வறுப்பவரிடமும் இதே கேள்விதான். வேதக்காரர்கள் வாழும் பகுதியிலிருந்த அபூஸஃலபா (ரலி) அவர்கள், அவர்களுடைய பாத்திரங்களைப் பற்றி நாயகத்திடம் கேட்டார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதையே எடுக்கவும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணவும் வழி காட்டப்பட்டது. பாத்திரத்தைக் கேட்பது ஸஹாபாக்களின் வழக்கம் என்று இதிலிருந்து தெரிகிறது.

பிரெஞ்சுச் சமையலில் இன்னொரு கவனமும் வேண்டும். சில குழம்புகளில் மதுவே ஊற்றிச் சமைப்பார்கள். "கொக் ஒ வேங்" என்ற கோழி உணவின் பெயரிலேயே "வேங்" என்பது திராட்சை மதுவைக் குறிக்கும் சொல். மட்டியையும் மீனையும் வெள்ளை மதுவில் வேகவைப்பதும் உண்டு. சில கேக்குகளில் ரம் கலப்பார்கள். "கொதிக்கும்போது ஆவியாகிவிடும்" என்ற சமாதானம் செல்லாது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துப்படி மது நஜீஸ். அது பட்ட உணவைக் கொதி சுத்தமாக்குவதில்லை. பெயர் புரியாத பதார்த்தத்தைக் கேட்டறியாமல் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாகாது.

கேட்டபின் சந்தேகம் வேண்டாம்

இத்தனையும் படித்தபின் சிலருக்கு மறுபக்க நோய் வந்துவிடும். நம்பத்தக்க முஸ்லிம் தம் கையால் அறுத்துச் சமைத்துத் தந்தாலும், "பிஸ்மில் சொன்னாரோ, இல்லையோ?" என்று குடைந்துகொண்டே இருப்பார்கள். புதிதாக இஸ்லாத்திற்கு வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனச் சிலர் நாயகத்திடம் கேட்டதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நீங்கள் பிஸ்மில் சொல்லி உண்ணுங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. முஸ்லிமின் கையிலிருந்து வருவதை நல்லெண்ணத்தோடு ஏற்க வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் கேளாதிருப்பது அலட்சியம். தெளிவான பதில் கிடைத்தபின்னும் குடைவது வஸ்வாஸ். ஆதாரமில்லாமல் "அந்த ஓட்டல் ஹராம்" என்று பரப்பி ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதும் பாவமே.

மஃரிபு நேரம்

கடற்கரை ஊர்களில் மேசை கிடைப்பது மஃரிபை ஒட்டித்தான். உணவு முன்னே வைக்கப்பட்டுவிட்டால் முதலில் உண்டுவிட்டுத் தொழ நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தது உண்மை. ஆனால் சொல்லிவிட்டு முக்கால் மணி காத்திருக்கும் ஓட்டலில் இந்த ஹதீஸைச் சொல்லி மஃரிபைத் தவறவிடக் கூடாது. உணவுதான் இன்னும் வரவே இல்லையே! ஷாபிஈ பயணிக்கு, நிபந்தனைகளோடு, மஃரிபை இஷாவோடு சேர்த்துத் தொழும் சலுகை உண்டு. ஹனபிக்கு அது இல்லை. தொழுதுவிட்டுச் சாப்பிடப் போவதே இருவருக்கும் நிம்மதி.

மறுநாள் அப்படித்தான் செய்தோம். ஊரின் தென்பகுதியில் முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்கே பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் விசாரித்தோம். அவர் காட்டியது ஒரு சின்னஞ்சிறு மெஸ். கடல் தெரியவில்லை; மின்விசிறி கூடக் கிறீச்சிட்டது. வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டோம். முதலாளி சிரித்துக்கொண்டே அடுப்படியைக் காட்டினார். சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் வந்தன. முதல் நாள் கேள்வி கேட்ட சிறுமி நம் முகத்தைப் பார்த்தாள். பிறகு உரக்க பிஸ்மில் சொல்லிக் கையை வைத்தாள். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

கடலை நாம் எங்கிருந்தும் பார்த்துக் கொள்ளலாம். ஹலாலான கவளத்தைத் தேடித்தான் போக வேண்டும். வெட்கமின்றிக் கேட்கும் நாவையும், கேட்டபின் அமைதி பெறும் உள்ளத்தையும், நம் பிள்ளைகள் கண்டு பின்பற்றத்தக்க நடத்தையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.