தைராய்டு நோயும் பிள்ளைகளின் பங்கும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். வயதான பெற்றோரைப் பொறுத்தவரை அந்த நான்காமவர் பெரும்பாலும் பிள்ளைகளாகிய நாம்தாம். “எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர் வேண்டாம்” என்று அவர்கள் மறுக்கும்போது நம் பணி கடினமாகிறது.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி. அதன் சுரப்பு குறைந்தால் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மறதி ஆகியவை தோன்றும். மிகுந்தால் படபடப்பும் கை நடுக்கமும் உடல் மெலிவும் உண்டாகும். முதியவர்களிடம் இவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

என் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 80 வயதைக் கடந்தவர். தைராய்டு குறைவுக்காக ஒரு தனியார் கிளினிக்கில் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு மாத்திரை வாங்கிவந்தார். இரத்தப் பரிசோதனை நடக்கவில்லை; அசதியும் நீங்கவில்லை. வேறு மருத்துவரைப் பார்க்க அவர் இணங்கவில்லை. நான் வாதாடாமல் காரணத்தை மட்டும் கேட்டேன். சில நாட்களில் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

முதலாவது, கழுத்தை அறுத்துவிடுவார்கள் என்ற அச்சம். தைராய்டு குறைவுக்கு மாத்திரையே சிகிச்சை. பெரிய கட்டி, மூச்சை அழுத்தும் வீக்கம், புற்றுநோய் ஐயம் போன்றவற்றுக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று விளக்கினேன்.

இரண்டாவது, பழைய டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்ற தயக்கம். தோட்டத்து டிரஸ்ஸரை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த தலைமுறை அது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதில் அவமரியாதை ஏதுமில்லை.

மூன்றாவது, செலவு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவையானால் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லலாம்.

நான்காவது, “சாகும்வரை மாத்திரையா?” என்ற சலிப்பு. இதற்கு ஒரு வரலாற்றைச் சொன்னேன். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு குறைந்து நலிந்திருந்த 46 வயது மாதுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தினார். தொடர்ந்து மருந்து உட்கொண்ட அம்மாது மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் காலமானார். இன்று வழக்கிலுள்ள தைராக்சின் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. உடலில் குறைந்ததை அது ஈடுசெய்கிறது என்றதும் தாயார் இணங்கினார்.

போகுமுன் அறிகுறிகளையும் உண்ணும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். டாக்டரிடம் தாயாரே பேசினார். விடுபட்டதை மட்டும் நான் சொன்னேன். டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். தைராய்டு மாத்திரையைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு பால் காப்பியில் விழுங்கிவந்தது அங்கேதான் தெரிந்தது. அப்படி உண்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது.

தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உண்ண வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் உண்பதாகையால் விரத நாளிலும் நிறுத்த வேண்டியதில்லை. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபரிசோதனை அவசியம். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அளவைச் சிறிது சிறிதாகவே கூட்டுவார்கள். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கழுத்து வீக்கம் பெருகினாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும், நெஞ்சுத் துடிப்பு சீர்கெட்டாலும் காலம் தாழ்த்தலாகாது.

சில மாதங்களில் தாயாரின் அசதி வெகுவாகக் குறைந்தது. அன்பர்களே, முதியவர்களின் மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். அதற்குள் ஓர் அச்சம் இருக்கும். அதைப் பொறுமையுடன் கேட்டறிந்து, கைபிடித்து உடன் செல்வதே நான்காமவரின் கடமை.