சேற்றில் சிக்கிய ஜீப்: கொக்கியை எங்கே, எப்படிப் பொருத்துவது?

சேற்றில் அமிழ்ந்த வண்டியை ஆபத்தில்லாமல் வெளியே இழுப்பது பற்றிய வாசகர் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: மழைக்காலத்தில் தோப்புக்குப் போகும் மண்பாதையில் என் ஜீப் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. போன முறை முன்பக்கம் அடியில் இருந்த வளையத்தில் சங்கிலியை மாட்டி டிராக்டரால் இழுத்தோம். வளையம் நிமிர்ந்துவிட்டது. தடித்த கம்பியை வளைத்து பம்பரில் வெல்டிங் வைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். வைக்கலாமா?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். நிமிர்ந்துபோன அந்த வளையம் பெரும்பாலும் இழுப்பதற்காக வைக்கப்பட்டதாக இருக்காது. புது வண்டிகளை லாரியிலோ கப்பலிலோ ஏற்றி அனுப்பும்போது அசையாமல் கட்டிவைப்பதற்கென்றே பல வண்டிகளின் அடியில் இப்படி வளையங்கள் இருக்கும். பம்பரில் திருகி மாட்டும் கொக்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான். தார்ச்சாலையில் நின்றுபோன வண்டியை மெதுவாகப் பட்டறைக்கு இழுத்துப்போகும் அளவுக்கே அது தாங்கும்.

சேற்றின் கணக்கு வேறு. அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு இதற்கு எளிய விதி ஒன்றை வைத்திருக்கிறது. வண்டி சக்கர ஆழத்துக்குப் புதைந்திருந்தால், அதன் எடைக்குச் சமமான விசையோடு சேறு அதைப் பிடித்துவைக்கும். மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு; கேபின் வரை போனால் மூன்று மடங்கு. ஆட்களோடும் சாமான்களோடும் 2 டன் இருக்கும் ஜீப்பை எடுத்துக்கொண்டால் முறையே 2, 4, 6 டன்.

பம்பர் இந்தச் சுமையைத் தாங்காது. பெரும்பாலான வண்டிகளில் அது மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக். இழுவிசை கயிற்றிலிருந்து கொக்கிக்கும், கொக்கியிலிருந்து நேராக சேஸிஸுக்கும் போய்ச்சேர வேண்டும். நடுவில் பலவீனமான எதுவும் இருக்கக் கூடாது. பட்டறையில் கிடைக்கும் கம்பி என்ன தர எஃகு, எத்தனை டன்னில் முறியும் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை டன் தாங்கும் என்று பொறிக்கப்பட்ட, உங்கள் வண்டிக்கென்றே செய்யப்பட்ட இழுவைக் கொக்கியை வாங்குவதுதான் சரி.

கேள்வி: கொக்கியை போல்ட் போட்டுப் பொருத்துவது நல்லதா, வெல்டிங் நல்லதா? எந்த போல்ட்?
(கூடலூர் வாசகர்)

பதில்: ஏணி வடிவ லாடர் சேஸிஸ் உள்ள வண்டிக்கு போல்ட்தான் முதல் தேர்வு. வெல்டிங் செய்த இடத்தை ஒட்டியுள்ள எஃகு, சூடு பட்டுத் தன் குணம் மாறிவிடும். உயர்வலு எஃகில் செய்த சேஸிஸில் இந்த மாற்றம் இன்னும் மோசம். வெளியே அழகாகத் தெரியும் தையல் உள்ளே சரியாகப் பிடிக்காமல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம், தேய்ந்தால் மாற்றலாம்.

போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 8.8 என்றிருந்தால் அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 800 நியூட்டன் வரை தாங்கும், 10.9 என்றால் 1,000 நியூட்டனுக்கு மேல். 12 மி.மீ. தடிமனுள்ள 10.9 போல்ட் ஒன்று நேர் இழுப்பில் ஏறத்தாழ 8.9 டன்னில்தான் அறும். ஆனால் கொக்கியை இழுக்கும்போது போல்ட் பெரும்பாலும் குறுக்கே வெட்டப்படுகிறது. அப்போது அதன் வலு ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 5 டன் சொச்சம். எண் எதுவும் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. ஒவ்வொரு கொக்கிக்கும் குறைந்தது இரண்டு போல்ட், முடிந்தால் மூன்று அல்லது நான்கு. மரை வெட்டிய பகுதி, இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்தில் வராதபடி போல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

துளை போடும் இடத்திலும் கவனம் வேண்டும். சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகள்தான் வளைவைத் தாங்குபவை. அவற்றில் துளை கூடாது. நிற்கும் பக்கச் சுவரில், ஏற்கெனவே நிறுவனம் விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்த முடிந்தால் மிகவும் நல்லது. பெட்டி வடிவச் சட்டம் என்றால் போல்ட்டை இறுக்கும்போது சுவர்கள் உள்வாங்கிவிடும். அதைத் தடுக்க, துளைக்குள் போல்ட்டைச் சுற்றி எஃகுக் குழாய்த்துண்டு ஒன்று போக வேண்டும். உட்பக்கம் ஒரு தடித்த தகடு வைத்தால் சுமை ஒரே இடத்தில் குவியாமல் பரவும். முன்னால் மோதலின்போது மடங்குவதற்கென்றே வடிவமைத்த பகுதி சில வண்டிகளில் உண்டு. கொக்கி அதற்குப் பின்னால், உறுதியான சட்டத்தில்தான் உட்கார வேண்டும்.

கேள்வி: ஒரு கொக்கி போதுமா? முன்னால் மட்டும் போதுமா?
(கம்பம் வாசகர்)

பதில்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்பதே நல்ல அமைப்பு. ஒரு பக்கக் கொக்கியை மட்டும் பிடித்து இழுத்தால் சேஸிஸ் முறுக்கப்படும். இரண்டையும் ஒரு பாலக் கயிற்றால் இணைத்து, அதன் நடுவிலிருந்து இழுத்தால் சுமை பிரியும். அந்தக் கயிறு நீளமாக இருக்கட்டும். அதன் இரு கைகளுக்கும் இடையே 60 பாகைக் கோணம் இருந்தால் ஒவ்வொரு கைக்கும் மொத்த விசையில் 58 சதவீதம் வரும். 120 பாகையானால் ஒவ்வொரு கைக்கும் முழு விசையும் வந்துவிடும். இரண்டு கொக்கி வைத்ததன் பயனே போய்விடும்.

கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும், ஊசி போட்டுப் பூட்டும் இரும்பு வளையமான ஷாக்கிளையும் நேராக இழுக்கும்படி மாட்டுங்கள். பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தால் அதன் அனுமதிச் சுமை 70 சதவீதமாகவும், 90 பாகையில் பாதியாகவும் குறையும்.

கொக்கி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சேற்றுக்கடியில் அது கைக்கு எட்டாவிட்டால் பயனில்லை. பந்தயக் கார்களின் இழுவை வளையம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கு மஞ்சள், சிவப்பு அல்லது ஆரஞ்சு வண்ணம் பூச வேண்டும் என்று சர்வதேச மோட்டார் பந்தய விதிகள் சொல்கின்றன. மலேசியாவில் 1997இல் தொடங்கி, 2014 முதல் கோவாவிலும் மழைக்காலத்தில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். தோப்பு ஜீப்பாக இருந்தாலும், ஆழமான சேற்றில் இறங்குமுன்பே கயிற்றை மாட்டி, மறுமுனையை பானட் மேல் கட்டி வைத்துவிட்டால், பிறகு யாரும் இடுப்பளவு சேற்றில் கையைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் எப்போதும் டிராக்டரும் சங்கிலியும்தான். கயிற்றைவிட இரும்பு பலமானதுதானே?
(திருக்காட்டுப்பள்ளி வாசகர்)

பதில்: பலம் இருக்கிறது, நெகிழ்ச்சி இல்லை. ஆபத்து அங்கேதான். 2 டன் டிராக்டர் ஒன்று சங்கிலி தொய்ந்த நிலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,700 ஜூல். நைலான் கயிறு நீண்டு, அரை மீட்டர் தூரத்துக்குள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டால் சராசரி விசை 1.6 டன். நீளவே தெரியாத சங்கிலி 5 செ.மீ.க்குள் அதே ஆற்றலை நிறுத்தினால் விசை ஏறத்தாழ 16 டன். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். இவ்வளவு விசையில் கொக்கியோ போல்ட்டோ சங்கிலிக் கண்ணியோ ஏதாவது ஒன்று முறியும். முறிந்த இரும்பு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சங்கிலியை விட்டால் வேறு வழியில்லை என்றால், முதலில் தொய்வு முழுவதையும் எடுத்துவிட்டு, முதல் கியரில் மெல்ல இழுக்க வேண்டும். வெட்டி இழுக்கவே கூடாது.

சங்கிலிக்குப் பதிலாகப் பயன்படுத்தும், நீளக்கூடிய மீட்புப் பட்டைக்கு ஆஸ்திரேலியாவில் கட்டாயத் தர விதி இருக்கிறது. பட்டை அறும் அளவு, இரண்டு வண்டிகளில் இலேசானதன் முழுச் சுமை எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும்; 9 மீட்டர் பட்டை என்றால் பதிமூன்றரை மீட்டர். நம் ஊரில் வண்டி சிக்கினால் கூட்டம் கூடிவிடும், பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் அவர்களைத் தள்ளி நிற்கவைத்துவிட்டுப் பிறகு இழுங்கள்.

கணக்கை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். 2 டன் ஜீப்புக்கு 6 டன் பட்டை. கொக்கியும் அதன் போல்ட்டுகளும் சேர்ந்து அதைவிட அதிகமாக, 10 டன்னுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். 4.75 டன் என்று பொறித்த வில் ஷாக்கிள், ஆறு மடங்கு பாதுகாப்புக் கணக்கில் செய்யப்பட்டதாக இருந்தால், 28 டன் வரை முறியாது. இந்த அமைப்பில் அறுந்தால் பட்டைதான் அறும். இரும்பு எதுவும் கழன்று வராது.

கேள்வி: பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டை இருக்கிறதே, அதில் மாட்டி இழுக்கலாமா?
(ஓசூர் வாசகர்)

பதில்: ஒருபோதும் கூடாது. டோ பால் எனப்படும் அந்த உருண்டை, சீராக உருண்டுவரும் டிரெய்லரின் சுமைக்காகச் செய்யப்பட்டது. மீட்பின்போது வரும் திடீர் விசைக்காக அல்ல. அதன் கழுத்து ஒடிந்தால், கயிற்றில் தேங்கியிருக்கும் ஆற்றல் முழுவதும் அந்த இரும்புக் குண்டை எதிர்வண்டியின் கண்ணாடியை நோக்கி எறியும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. உருண்டையைக் கழற்றிவிட்டு, அதே சதுரக் குழாய்க்குள் நுழைத்து ஊசி போட்டுப் பூட்டும் ஷாக்கிள் கட்டையை மாட்டினால் இழுக்கலாம். அந்தக் குழாய் சேஸிஸில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அச்சு, ஸ்டியரிங் தண்டு, ஸ்பிரிங் போன்றவற்றில் கயிறு கட்டுவதும் தவறு.

கேள்வி: கொக்கியோடு கூடிய கனமான இரும்பு பம்பரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததுதானே?
(சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது சட்டச் சிக்கல். கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. சாலையில் நடப்பவர்களுக்கும், சில சமயம் வண்டியின் ஏர்பேக் வேலை செய்வதற்கும் அத்தகைய கம்பிகள் கேடு. நிறுவனத்தின் பம்பரை அப்படியே விட்டு, அதன் கீழே சேஸிஸோடு இணையும் கொக்கிகளைப் பற்றி வண்டி வாங்கிய ஷோரூமில் கேளுங்கள்.

பொருத்திய பிறகும் வேலை தொடர்கிறது. ஒவ்வொரு கடின இழுப்புக்குப் பின்னும் சேற்றைக் கழுவிவிட்டு, போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதியுங்கள். கொக்கியைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழை போல் வெடித்திருந்தால், அடியில் உலோகம் நெளிந்திருக்கிறது என்று பொருள். துளை நீள்வட்டமாகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. ஷாக்கிளின் ஊசியைக் கையால் முழுவதும் திருக முடியாவிட்டால் அது வளைந்திருக்கலாம். நிமிர்த்திப் பயன்படுத்தாமல் புதிது வாங்கிவிடுங்கள்.