மலை மழைக்கான உடுப்பு

சிந்தாதிரிப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள தம்பி மகனுக்கு,

மலையேற்றத்துக்கான மழை உடுப்புக்கு வேலை இரண்டு. வெளியே பெய்யும் மழையை உள்ளே விடக் கூடாது. உள்ளே ஊறும் வியர்வையை வெளியே விட வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே விசாரிக்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் மழைக்கு முன்பே வியர்வை சட்டையை நனைத்துவிடும்.

முதலில் உள்ளே போடும் துணி. பருத்தி சென்னை வெயிலுக்கு உகந்தது. மலை மழைக்கு ஆகாது. தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உடம்போடு ஒட்டும், காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பலத்த காற்றும் சேர்ந்துவிட்டால் பத்து டிகிரி குளிரிலேயே உடல் விறைத்து, பேச்சுக் குழறி, உயிருக்கு ஆபத்து வரலாம். அதனால் ஜீன்ஸும் பருத்திப் பனியனும் வேண்டாம். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் சட்டையோ மெல்லிய கம்பளிச் சட்டையோ நல்லது.

மேலே போடும் உடுப்பில் மூன்று வகை உண்டு. பைக் ஓட்டப் பயன்படும் பிவிசி ரெயின்கோட் மழையை முழுக்கத் தடுக்கும். வியர்வையையும் முழுக்க அடைத்து வைக்கும். உட்புறம் பாலியூரிதேன் பூசிய நைலான் ஜாக்கெட் இலேசானது, விலையும் கட்டுப்படியாகும். மூன்றாவது, சவ்வு வைத்த ஜாக்கெட். அது வருவதற்கு வெகு முன்பே, 1823-இல் சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து ஒட்டிக் காப்புரிமை பெற்றார். அதில் நீர் புகாது, ஆனால் காற்றும் புகாது. 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து, நுண்துளைகள் நிறைந்ததாக மாற்றினார். கோர்-டெக்ஸ் என்ற சவ்வு அதிலிருந்து பிறந்தது. அந்தத் துளைகளில் நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும்.

சவ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே ஈரப்பதம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் நீராவி வெளியே நகரும். குளிர்ந்த இமயமலையில் அது நன்றாக நடக்கும். வால்பாறை போன்ற இடங்களில் மழைநாளில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், விலை உயர்ந்த ஜாக்கெட்டும் புழுங்கும். அங்கே அக்குளுக்குக் கீழ் திறக்கும் ஜிப்தான் உண்மையான உதவி. காட்டுப் பாதையில் முதுகுப்பையையும் சேர்த்து மூடும், போர்வை போன்ற பாஞ்சோ இன்னும் வசதி. கீழே திறந்திருப்பதால் காற்று உள்ளே ஓடும். காற்றடிக்கும் மலைமுகட்டில் பாஞ்சோ படபடத்துக் கால் வைக்கும் இடத்தை மறைக்கும் என்பதால், அங்கே ஜாக்கெட்டே பத்திரம்.

வாங்கும்போது ஜாக்கெட்டை உட்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசி போன தையல் ஒவ்வொன்றும் துளைகளின் வரிசை. தோள், தொப்பி, அக்குள் ஆகிய இடங்களில் எல்லாத் தையல் மீதும் விரலகல டேப் சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். லேபிளில் 10,000 மி.மீ. என்று இருந்தால், அவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று பொருள். பையின் வார் அழுத்தும் தோளுக்கு அந்த அளவாவது தேவை. தொப்பியை இறுக்கித் தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்ப வேண்டும். இல்லையென்றால் பக்கப் பார்வை போய்விடும்.

மலையும் மாதமும் பார்த்தே தேர்வு அமைய வேண்டும். நீலகிரியின் மேற்குச் சரிவிலும் வால்பாறையிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த உடுப்பும் ஈடுகொடுக்காது; பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் அறிவு. கொல்லிமலை, ஏற்காடு போன்ற கிழக்கு மலைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்க வேண்டும். வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் ஒருநாள் நடைக்கு நைலான் ஜாக்கெட்டோ பாஞ்சோவோ போதும். பல நாள் இமயப் பயணத்துக்குத்தான் சவ்வு ஜாக்கெட்டில் பணம் போடலாம்.

முதுகுப்பையின் உறையை மட்டும் நம்பக் கூடாது. மாற்றுத் துணியைத் தடித்த பாலித்தீன் பைக்குள் கட்டி வைக்க வேண்டும். மழைக்காட்டில் அட்டைக்கடி உறுதி; முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை அவசியம்.

பராமரிப்பும் வாங்குவதைப் போலவே முக்கியம். மேல்துணியில் தண்ணீர் முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கினால் அழுக்கேறியிருக்கலாம். மிதமான சோப்பில் அலசி, துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல், லேபிள் அனுமதிக்கும் இளஞ்சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம். ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் சென்னைப் புழுக்கத்தில் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். நன்றாக உலர்த்தி, காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

அன்புடன்,
பெரியப்பா